நூறு மீட்டருக்குள் ஒரு குடுக்கை

கலுந்து நகராட்சிக்கு மக்களின் உடல்நலத்தில் அக்கறை அதிகம். அந்த அக்கறையினால்தான் பொது மைதானத்தில் பந்து உதைப்பதற்கான கட்டணத்தை நகர்மன்றம் ஒரே கூட்டத்தில் நான்கு மடங்காக உயர்த்தியது. மறுவாரம் மைதானத்தில் ஆடுகள் மட்டும் மேய்ந்தன. ஆடுகளிடம் கட்டணம் வசூலிக்க விதியில் இடமில்லை என்று சட்டப்பிரிவு வருத்தத்துடன் அறிவித்தது.

மன்றம் மறுபடி கூடியது. மைதானத்துக்கு மக்கள் வராவிட்டால் போகட்டும், மக்கள் இருக்கும் இடத்தையே மைதானமாக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. "மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, ஒரு பொருளை முறைப்படி கைமாற்றி மகிழும் இடம் எதுவாயினும் அது விளையாட்டிடம் எனக் கொள்ளப்படும்" என்ற தீர்மானம் பலத்த கரவொலிக்கிடையே நிறைவேறியது.

இந்தத் தீர்மானம் முதலில் போய் விழுந்த இடம் பானா முசோண்டாவின் முற்றம். முசோண்டா அவருடைய மூத்த மகள். பானா என்றால் அம்மா; முசோண்டாவின் அம்மா என்பதுதான் ஊரில் அவருக்குப் பெயர். கணவர் சுரங்கத்தில் இறந்தபின் பதினோரு வருடமாகக் கேழ்வரகு பீர் காய்ச்சி விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். மதுக்கடை உரிமத்தை மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கடைக்குச் சீல்.

அவர் முற்றத்தில் பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் பானை, கையில் ஒரே ஒரு சுரைக்குடுக்கை. அது கைமாறிக்கொண்டே போகும். தனிக் கோப்பையில் குடிக்கிறவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

நகராட்சி ஆய்வாளர் கபாசோ நோட்டுப் புத்தகத்துடன் வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

"குடுக்கைய ஏன் எல்லாரும் இடது பக்கமே குடுக்கறீங்க?"

"அதான் முறை" என்றார் தச்சர் கத்தோங்கோ.

"விதி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் கபாசோ. "ஒருத்தர் ரெண்டு மடக்கு சேர்த்துக் குடிச்சுட்டா?"

"அடுத்த சுத்துல அவனுக்குக் கிடையாது."

"தண்டனையும் இருக்கு. குடுக்கை கீழ விழுந்தா?"

"எல்லாரும் கத்துவோம். வேற என்ன செய்ய, அழவா முடியும்?"

"பார்வையாளர் ஆரவாரம்" என்று எழுதி நோட்டை மூடினார்.

முற்றம் விளையாட்டிடம் ஆனது. பானா முசோண்டா கலங்கவில்லை. விளையாட்டுக் கட்டணத்தையும் கட்டிவிடுவதாகச் சொன்னார். ஆனால் விளையாட்டிடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. கபாசோ டேப் பிடித்து அளந்தார். மதுக்கடைக்கும் விளையாட்டிடத்துக்கும் இடையே உள்ள தூரம் பூஜ்யம்.

மேயர் சிகாசுவே பானா முசோண்டாவை மன்றத்துக்கு அழைத்து அன்பாகவே பேசினார்.

"அம்மா, உங்க கடை மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா அது விளையாட்டிடத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு."

"எந்த விளையாட்டிடம் ஐயா?"

"உங்க கடைதான்."

"அப்ப எதை எங்க நகர்த்தணும்?"

"ரெண்டுல ஏதாவது ஒண்ணை. எதைன்னு நாங்க சொல்லக் கூடாது. அது உங்க உரிமை."

பானையை வீட்டில் வைத்து, குடிப்பவர்களை நூறு மீட்டர் தள்ளி மாமரத்தடிக்கு அனுப்பிப் பார்த்தார். குடுக்கை போன இடமெல்லாம் விளையாட்டிடம் கூடவே போனது. அதன் பின்னால் கபாசோவின் டேப்பும் போனது. பிறகு, தீர்மானத்தில் 'மகிழும்' என்று ஒரு சொல் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். மூன்று நாட்கள் அத்தனை பேரும் சாவு வீட்டு முகத்துடன் குடித்தார்கள். நான்காம் நாள் கத்தோங்கோ எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். அடக்கி அடக்கிப் பார்த்து, மூக்கு வழியாக பீர் வரச் சிரித்துவிட்டார். "தாமதமான மகிழ்ச்சி" என்று பதிவாயிற்று.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது எங்கள் குடியிருப்போர் உரிமைக் குழு களத்தில் இறங்கியது. முப்பது வருடமாக இந்த ஊரின் எல்லா அலுவலக வாசலிலும் வெயிலில் நின்றவர்கள் நாங்கள். பானா முசோண்டாவின் முற்றத்திலேயே உட்கார்ந்து துண்டுப் பிரசுரம் எழுதினோம். முரசோடு ஊர்வலம் போனோம். மன்றத்தில் எங்கள் வாதத்தை வைத்தோம்.

"குடுக்கையாட்டம் விளையாட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப பந்தாட்டத்துக்குப் பந்து மாதிரி இதுக்கு பீர்! பந்து வாங்கறவன்கிட்ட மது உரிமம் கேப்பீங்களா?"

மேயர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். குடுக்கையாட்டம் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, பீர் அதன் உபகரணம், உரிமம் தேவையில்லை என்று தீர்மானம் வந்தது. பானா முசோண்டா குலவையிட்டார். அன்று குடுக்கை எங்களுக்கு இலவசமாகச் சுற்றியது.

அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு என்றால் அதற்கு ஒரு கூட்டமைப்பு வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பை மன்றம் எங்களிடமே ஒப்படைத்தது. போராடிய அனைவருக்கும் பதவி கிடைத்தது, சிலருக்கு விசிலும் கிடைத்தது. நகராட்சியைப் போல ஆளுக்கொரு நியாயம் பேசக் கூடாது என்பதில் உறுதியாக இருந்து நாற்பத்தொரு விதிகள் எழுதினோம். ஆட்டவட்டத்தின் குறுக்களவு ஒன்பது மீட்டர் என்று இரண்டு நாள் விவாதித்து ஒருமனதாக முடிவெடுத்தோம். பிறகு ஊரிலுள்ள முற்றங்களையெல்லாம் அளக்கப் புறப்பட்டோம்.

பானா முசோண்டாவின் முற்றம் ஏழரை மீட்டர். ஒரு பக்கம் கழிப்பறைச் சுவர், மறுபக்கம் பக்கத்து வீட்டு மக்காச்சோளம்.

"இதே முற்றத்துல உக்காந்துதானே நோட்டீசெல்லாம் எழுதினீங்க?" என்றார் அவர்.

"உண்மைதாம்மா. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அந்த விதிய எழுதினது யாரு?"

"நாங்கதான். அதனாலதான் மீற முடியல."

அளவில் குறைந்த முற்றத்தில் நடப்பது ஆட்டமல்ல, அங்கே பீர் உபகரணமும் அல்ல என்ற எங்கள் கடிதத்தின் பேரில் கபாசோ அரக்கும் முத்திரையுமாக வந்தார். கதவை மூடிச் சீல் வைத்துவிட்டு எங்களைத் தனியே அழைத்தார்.

"என்னங்க இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒன்றரை மீட்டர்தானேன்னு கண்டுக்காம விட்டிருப்பேனே!"

பானா முசோண்டா பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எங்கள் முன் வந்து நின்றார்.

"ஆபீசருங்க செஞ்சா உங்ககிட்ட வந்து அழுவேன். நீங்களே செஞ்சா நான் யாருகிட்டப் போக?"

நியாயமான கேள்விதான். அதை எழுத்து மூலமாக, இரண்டு நகல்களுடன், வியாழக்கிழமைக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் தரும்படி கேட்டுக்கொண்டோம்.