மஞ்சள் செருப்பு வால்வு

இந்த ஞாயிறு மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவுகட்டினேன். அன்றுதான் எங்கள் தெருவின் டொமினோ இறுதி ஆட்டம். ஹவானாவில் எந்தப் புருஷனும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். காரைத்தான் சொல்ல வைக்க வேண்டும்.

என் காருக்கு என்னைவிட வயது அதிகம். எஞ்சின் வயிற்றில் சேரும் புகையை உறிஞ்சியெடுக்க அதில் ஒரு குட்டி வால்வு உண்டு. நல்ல வால்வைக் குலுக்கினால் கடகடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் ஊமை. சனிக்கிழமை நல்லதைப் பிடுங்கி டொமினோ கட்டைகள் கிடக்கும் பெட்டிக்குள் ஒளித்தேன். அங்கே கடகடத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்து வீட்டு எலாடியோவின் பழைய சாமான்களில் கிடந்த ஓர் ஊமையைச் செருகினேன். வண்டி நீலப்புகை கக்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“யமிலே, வண்டிக்கு மூச்சு முட்டுது.”

என் மனைவி வந்தாள். எண்ணெய் மூடியைத் திறந்து, துளைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். உள்ளே இழுக்க வேண்டிய எஞ்சின் அதை ஊதித் தள்ளியது.

“வால்வக் கழட்டுய்யா.”

கழற்றிக் கொடுத்தேன். குலுக்கிப் பார்த்தாள். சத்தமில்லை.

“செத்துப்போச்சு. புதுசு இந்தத் தீவுலயே கிடைக்காது,” என்றேன் சோகமாக.

“அம்மா நாளைக்குப் பன்னி சுடுறாங்களே.”

“நமக்குக் குடுத்து வைக்கல.”

“சரி விடு. நீ போய் ஆடு.”

அவள் வாயிலிருந்து ‘சரி’! அன்று குழந்தை மாதிரி தூங்கினேன்.

காலையில் பெட்டியோடு தெருமுனைக்குப் போனேன். ஆட்டக்காரர்கள் இல்லை. மேசையும் இல்லை. பெட்டியைத் திறந்தேன். வால்வும் இல்லை.

ஹாரன் கேட்டது. துளி புகையில்லாமல் என் கார் வந்து நின்றது. ஓட்டியவள் யமிலே. பின்னால் என் ஜோடி எலாடியோவும் எதிரணி இருவரும். கூரைமேல் மேசை.

“எப்படிடி கண்டுபிடிச்ச?”

“நம்ம வால்வோட ரப்பர் வளையம் என் மஞ்சள் செருப்புல நான் வெட்டினது. நேத்து நீ குடுத்ததுல கறுப்பு. மஞ்சள் உன் டொமினோ பெட்டியில கிடந்துச்சு. என் செருப்பு எனக்குத் தெரியாதா?”

எலாடியோ எட்டிப் பார்த்தான். “பன்னி விஷயத்த எங்கிட்ட மறைச்சிட்டியேடா.”

“அப்ப இறுதி ஆட்டம்?”

“அம்மா வீட்டுலதான். ஏறு.”

எனக்கு உயிர் வந்தது. “எலாடியோ, நம்ம ரெண்டு பேரும்…”

“அவரு பன்னியத் திருப்பணும். உன் ஜோடி எங்கம்மா.”

நம்ப மாட்டீர்கள், ஜெயித்துவிட்டோம். அதனால் இனி எல்லா ஞாயிறும் மாமியார் வீட்டில் பயிற்சி.