ஆறாவது மாடிக் குடல் ஞானி

ஆறாவது மாடியில் ஒரு மகான் வந்திருக்கிறார் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. மற்ற மகான்கள் கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். இவர் வயிற்றைக் கேட்பார். தொப்புளுக்கு மேல் பித்தளைப் புனலைக் கவிழ்த்து, குழாயில் காதை வைத்து, குடலுக்குள் குடியிருக்கும் கோடானுகோடிக் கிருமிகளோடு பேசுவார். கிருமிகளும் பதில் சொல்லுமாம். எந்த மொழியில் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர், குடல் ஞானி.

கட்டடத்து லிஃப்ட் பல மாதமாகப் படுத்த படுக்கை. நடுவயதுப் பெண்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் ஆறு மாடி ஏறினார்கள். மந்திரித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு ஆறு மாடி இறங்கினார்கள். ஞானி மட்டும் இறங்க மாட்டார். இறங்கினால் சக்தியும் இறங்கிவிடுமாம்!

அந்தக் கூட்டத்தில் தபாலக்காவும் ஒருத்தி. தபால் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. வயிறு எந்நேரமும் உப்புசம், சர்க்கரை வேறு. ஞானியிடம் போக ஆரம்பித்த சில மாதத்தில் உப்புசம் போன இடம் தெரியவில்லை. சர்க்கரையும் இறங்கிவிட்டது. நிஜமாகவே இறங்கியது, அதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

"நல்ல முன்னேற்றம்தான். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

"எல்லாம் ஐயாவோட தண்ணி டாக்டர்!" என்று பூரித்துப் போனாள் தபாலக்கா.

அதே தண்ணீரை ஞானியின் எதிர்வீட்டுக்காரியும் குடித்தாள். ஆறாவது மாடியிலேயே குடியிருப்பவள், கீழே இறங்குவதே அபூர்வம். கதவைத் திறந்தால் ஞானி. அவள் வயிறு இம்மியும் அசையவில்லை. "உனக்கு நம்பிக்கை பத்தல" என்று சொல்லிவிட்டார் ஞானி. பாவம், அவள் இரண்டு பாட்டிலாகக் குடித்துப் பார்த்தாள்.

ஆசை ஞானியை மட்டும் விடுமா? பணக்கார முட்டிகள் படியேற மறுத்தன. சொந்தச் செலவில் லிஃப்டைச் சரிசெய்து, ரிப்பன் வெட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டார். பெண்கள் ராணி மாதிரி நின்றபடியே மேலே போனார்கள்.

மாதம் ஒன்று ஓடியது. வயிறுகள் மறுபடி உப்பின. மூடிய லிஃப்டுக்குள் யாரோ ஒருவர் வயிறு வாய் திறக்க, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். தபாலக்காவின் சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞானி கண்ணை மூடிச் சொன்னார்: "மாத்திரைதான் கிருமிக் குழந்தைகளைக் கொல்லுது. வெள்ளிக்கிழமை எல்லாரும் கொண்டுவந்து இந்த டிரம்ல போடுங்க."

தபாலக்காவின் நாத்தனார் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தாள்.

"அண்ணி, தண்ணி அதேதானே?"

"அதேதான்."

"மந்திரம்?"

"அதேதாம்மா. ஏன் என் உயிரை வாங்குற?"

"அப்ப மாறினது என்ன?"

தபாலக்காவின் மனதுக்குள் ஒரு படிக்கட்டு வந்து நின்றது. அவசரமாக அதை விரட்டிவிட்டு மாத்திரைப் பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு நாத்தனாரும் போனாள். கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் பாயில் படுத்தாள். ஞானி போர்வைமேல் புனலைக் கவிழ்த்தார். முகம் வெளிறியது.

"ஐயோ! லட்சக்கணக்குல அழுவுதுங்க! ஒரு கிழட்டுக் கிருமி என்கிட்ட கெஞ்சுது, மாத்திரை வேண்டாம், மாத்திரை வேண்டாம்னு!"

நாத்தனார் போர்வையை விலக்கினாள். வயிற்றின்மேல் ஒரு தலையணை. தலையணைமேல் ஒரு ரப்பர் வெந்நீர்ப்பை.

"கொதிக்கவெச்ச தண்ணிங்க ஐயா. இதுல எந்தக் கிழவர் உயிரோட இருக்காரு?"

முதலில் சிரித்தவள் எதிர்வீட்டுக்காரி. பிறகு அறையே குலுங்கியது. ஞானி லிஃப்டுக்குப் பாய்ந்தார். அது கீழே போயிருந்தது. வேறு வழியில்லாமல் படியில் இறங்கி ஓடினார். பின்னாலேயே பெண்கள் படை! நாலாவது மாடியில் ஞானிக்கு நாக்கு தள்ளியது. மூன்றாவது மாடியில் தபாலக்கா அலுங்காமல் அவரை முந்திப்போய் வழியை மறித்து நின்றாள்.

"என்ன ஐயா, இப்படி மூச்சு வாங்குது? உங்க தண்ணியே இருக்கு, குடிங்களேன்!" என்று பாட்டிலை நீட்டினாள்.

ஞானி அந்தப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். தபாலக்கா தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். மூன்று மாடி ஓடிவந்தும் அவை வலிக்கவில்லை.

"இதுதானாடி என் மருந்து?"

"இதுவும் மாத்திரையும்தான் அண்ணி. உடம்பை அசைச்சா சர்க்கரை செலவாகும். உள்ள இருக்குற கிருமிக் கூட்டம்கூட மாறுதுன்னுதான் ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. புனல்ல பேசி மாத்தினதா யாரும் சொல்லல."

ஆறாவது மாடியில் ஞானியின் வீடு இப்போது காலி. லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது. பெண்கள் மட்டும் தினமும் காலையில் அரட்டையடித்தபடி படியேறுகிறார்கள், எதிர்வீட்டுக்காரியும் கீழே இறங்கி வந்து சேர்ந்துகொள்கிறாள். கண்ணுக்கே தெரியாத கிருமிக்குக்கூட நம்மால் வேலை கொடுக்க முடிகிறது. கழுத்துக்கு மேலே இருக்கும் மூளைக்கு மட்டும் ஏனம்மா இத்தனை வருஷமாக லீவு?