நான்காவது வருகைக்குள் எனக்கொரு வேலை

சிரஞ்சீவி பூவராகவனுக்கு, சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து உன் அத்திம்பேர் ஸௌந்தரராஜன் ஆசீர்வதித்து எழுதுவது. வரதன் கிருபையில் இங்கே மழை, தண்ணீர், என் முழங்கால் எல்லாம் திருப்தி. தில்லிக் குளிரில் நீங்களும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். இனி விஷயம். உன் அக்காவைப் பற்றியது. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

நாட்டில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சர்க்கார் எடுக்கும் கணக்கில் எங்கள் வீடு அகப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறையாக நாலு மாதம் வந்து அதே கேள்வியைக் கேட்பார்களாம். ஏற்றம் இறக்கம் தெரிய வேண்டுமாம். முதல் மாதம் லோகேஷ் என்ற செவிலிமேட்டுக்காரர் டேப்லெட்டோடு வந்து, "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் எதுனா வேலை செஞ்சீங்களா சார்?" என்றார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனைக் கேட்கிற கேள்வியா? தினம் காலையில் கோயில் கோஷ்டியில் நின்று இரண்டு மணி நேரம் பாசுரம் சேவிக்கிறேன் என்றேன். "அது வேலைங்களா சார்?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "பெருமாளுக்குப் பண்றதை வேலைன்னு சொல்லப்படாது, அது கைங்கர்யம்" என்று காப்பி ஆறும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை உழைப்பாளர் கணக்குக்கு வெளியே போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து உன் அக்கா பூமா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பதைச் சொன்னாள். வாரத்துக்கு ஐந்து புடவை. அவள் உள்ளே, நான் வெளியே. என் வீட்டிலேயே!

இரண்டாம் மாதம் உஷாராக, கைங்கர்யமும் வேலைதான், அதற்குக் கோயில் இட்லி தருகிறார்கள் என்று ஆரம்பித்தேன். "நீங்க ஒருநாள் போவலைன்னா இட்லிய நிறுத்திடுவாங்களா சார்?" என்றார். போகாவிட்டால் வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று, பொய் சொல்லிப் பழக்கமில்லாத இந்த வாய் உளறித் தொலைத்தது. மறுபடி வெளியே. சரி, வேலை தேடியே தீருவது என்று வாசலில் 'கணக்கு ட்யூஷன்' அட்டை மாட்டினேன். வந்தவர் ஒரே ஒருவர். மாடி வாடகைக்கா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் லோகேஷிடம் இதைச் சொன்னதும் அவருக்கும் சந்தோஷம். "வேலை தேடினுகிறீங்க இல்ல, உள்ள வந்துட்டீங்க சார்!" என்றார். எந்தப் பிரிவில் என்று பார்த்தால், வேலையில்லாதவர்! எழுபத்தோரு வயதில், பென்ஷன் வாங்கிக்கொண்டு, தேசத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். உன் அக்கா குஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் கடைசி வருகை. அதோடு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள்; நான் இப்படியே பதிவாகி நின்றுவிடுவேன். ஆகையால் நீ உடனே அக்காவைக் கூப்பிட்டு, கண்ணுக்கு ஓய்வு வேணும், ஒரு வாரம் குஞ்சத்தைத் தொடாதே என்று சொல். தம்பி சொன்னால் கேட்பாள். போன ஏழு நாளில் அவளுக்கும் வேலையில்லை என்று பதிவாகிவிட்டால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இராது. நான் சொன்னதாகச் சொல்லாதே. குழந்தைகளுக்கு என் ஆசிகள், உங்கள் ஆத்தில் எல்லோரும் நூறு வயசு சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸௌந்தரராஜன்

பின்குறிப்பு: இதை அன்று தபாலில் சேர்க்க முடியவில்லை. செருப்பை மாட்டும்போது உன் அக்கா, "வெளில போறேளே, அப்படியே இந்த ரெண்டு புடவையை கியாசுதீன் பாய் கடைல குடுத்துட்டு வந்துடுங்கோ" என்றாள். பஸ் பிடித்துப் பெரிய காஞ்சிபுரம் போனேன். பாய் டீ கொடுத்து, இன்னும் மூன்று புடவையைக் கையில் திணித்து அனுப்பினார். கடிதம் சட்டைப்பையிலேயே திரும்பி வந்தது. மறுநாள் பார்த்தால் உன் அக்கா முடிச்சுக்கு இழைகளைக் குத்துமதிப்பாகப் பிரிக்கிறாள். கணக்கு வாத்தியாருக்குப் பொறுக்குமா? நானே எண்ணி எண்ணிப் பிரித்துக் கொடுத்தேன், அன்றும், அதற்கடுத்த நாட்களும். செவ்வாயன்று லோகேஷ் வந்தார், கேட்டார், சொன்னேன். "குடும்பத் தொழில்ல சம்பளமில்லாத உதவியாள். நீங்க வேலைல இருக்கீங்க சார்!" என்றார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அக்காவிடம் ஓய்வு கீய்வு என்று வாயைத் திறக்காதே. அவள் நிறுத்தினால் எனக்கு வேலை போய்விடும்.