சோவாக் ஊரின் நெடில் குறில் விவகாரம்

குடிமக்கள் கட்டுகிற வரிக்கு ஈடாக அவர்களுக்குச் சரியான சங்கீதம் கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை. இதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர், பழைய அரண்மனை நடனப் பாட்டு ஒன்றை அடுத்தடுத்து இரண்டு ஊர்களில் கேட்டார். இரண்டு ஊரிலும் இரண்டு விதமாக வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாகாணக் கலாசார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார்: "இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாக வேண்டும். தப்பான சங்கீதத்துக்கு என் வரிப்பணம் போயிருக்கிறது. எந்த ஊரில் போனது என்று தெரிவிக்கவும்."

நியாயமான கேள்விதான். பதில்தான் யாருக்கும் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் அலுவலகங்கள் என்ன செய்யுமோ அதையே இந்த அலுவலகமும் செய்தது. புதிதாக ஒரு பிரிவைத் திறந்தது. 'பழஞ்சங்கீத மெய்ம்மைப் பிரிவு' என்று அதற்குப் பெயர் வைத்து, முசியே ப்ரிஸார் என்பவரைத் தலைவராகப் போட்டார்கள். அதுவரை அவர் சீஸுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு துண்டை முகர்ந்து பார்த்தே எந்த மலைச்சரிவில் மேய்ந்த மாடு என்று சொல்லிவிடுவார். சங்கீதத்தை முகர முடியாது என்பதுதான் புது வேலையில் அவருக்கு இருந்த ஒரே சங்கடம்.

பிரிவின் முதல் சுற்றறிக்கை எங்கள் சோவாக் ஊருக்கு வந்தது. எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஹார்ப்சிகார்ட் இருக்கிறது. பார்வைக்குப் பியானோவின் ஜாடை. ஆனால் தந்தியைச் சுத்தியால் அடிக்காது, இறகு முள்ளால் கிள்ளும். ஞாயிறு பிற்பகலில் சங்கீதப் பள்ளி ஆசிரியை ஒதீல் மார்னே அதை வாசிப்பார். உட்கார்ந்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வார், ஒரு மூச்சு இழுப்பார், அதற்குப் பிறகு நடப்பதை வர்ணிக்க எனக்குத் தெரியாது. சோவாக் இசை அன்பர் சங்கத்தின் துணைத் தலைவர் என்ற முறையில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று மட்டும் சொல்கிறேன். தலைவர் யார் என்று கேட்காதீர்கள். அது இன்னும் முடிவாகவில்லை.

சுற்றறிக்கை சொன்னது இதுதான்: பொதுச் சொத்தான வாத்தியத்தில் பழைய சங்கீதம் வாசிப்பவர், தம் வாசிப்பு 'அக்காலத்துக்கு மெய்யானது' என்று இரு நிபுணர்களின் ஒருமித்த கருத்தோடு சான்றிதழ் பெற வேண்டும். பெறத் தவறினால் வாத்தியம் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்விடும். ஒதீல் பக்கத்து ஊருக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் குழல் ஊதச் சொல்லித் தர வேண்டும்.

"அந்த வாத்தியத்தை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார் ஒதீல். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தின் சார்பில் நானும் அவரோடு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே இரண்டு நிபுணர்களும் ஒரே சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேராசிரியர் கூசரான். இன்னொருவர் மதாம் வலாத். ஒரு காலத்தில் கணவன் மனைவி. தேன்நிலவுக்குப் போன இடத்தில் ஒரு கமகத்தை மேல் ஸ்வரத்திலிருந்து தொடங்குவதா கீழ் ஸ்வரத்திலிருந்து தொடங்குவதா என்று பேச்சு வந்து, தனித்தனி ரயிலில் ஊர் திரும்பியவர்கள். அன்று முதல் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.

"பிரச்னை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க," என்றார் ப்ரிஸார்.

"அந்தக் காலத்துல ஸ்வரம் எல்லாத்தையும் ஒரே அளவா எழுதி வைப்பாங்க, முசியே," என்றார் ஒதீல். "ஆனா வாசிக்கும்போது ஒண்ணை நீட்டி ஒண்ணைக் குறைச்சு வாசிப்பாங்க."

"அப்படீன்னா அப்படியே எழுதியிருக்கலாமே?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேன்னு எழுதல."

ப்ரிஸார் பெருமூச்சு விட்டார். "சீஸ்ல இந்தத் தொல்லையே இல்ல. மேல ஒட்டின சீட்டுல என்ன இருக்கோ அதுதான் உள்ள இருக்கும்."

கூசரான் தொண்டையைச் செருமினார். "இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. முதல் ஸ்வரம் நெடில், அடுத்தது குறில். லேசா நொண்டி நடந்தா எப்படி இருக்கும், அப்படி."

"பேராசிரியர்கிட்ட சொல்லிடுங்க," என்று மதாம் வலாத் என் பக்கம் திரும்பினார். "நொண்டறது சங்கீதம் இல்ல, அவரோட மூளை. குறில் முன்னாடி, நெடில் பின்னாடி. மூல நூலைப் படிச்சவங்களுக்குத் தெரியும்."

"மதாம்கிட்ட சொல்லுங்க, அந்த நூலுக்கு முன்னுரை எழுதினதே நான்தான்."

"அதனாலதான் நான் முன்னுரையைக் கிழிச்சுட்டுப் படிச்சேன்னு சொல்லுங்க."

இருவரும் சொன்னதை இருவருக்கும் நான் சொன்னேன். அதற்குள் ப்ரிஸார் ஒரு தாளில் கணக்குப் போட்டு முடித்திருந்தார். "ஐயா நெடில் குறில்ங்கறார். அம்மா குறில் நெடில்ங்கறாங்க. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா, எல்லா ஸ்வரமும் ஒரே அளவு. தீர்ந்துச்சா?"

"முசியே, அது எழுதியிருக்கறபடியே வாசிக்கறது," என்றார் ஒதீல் மெதுவாக.

சோபாவின் இரண்டு கோடியும் ஒரே நேரத்தில் எழுந்தன.

"எழுதியிருக்கறபடியேவா!"

"காட்டுமிராண்டித்தனம்!"

"இந்த ஒரு விஷயத்துல பேராசிரியர் சொல்றது சரின்னு அவர்கிட்ட சொல்லுங்க!"

ப்ரிஸாரின் முகம் மலர்ந்தது. 'நிபுணர்கள் ஒருமித்த கருத்துத் தெரிவித்தனர்' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். "எப்படி வாசிக்கக் கூடாதுன்னு முடிவாயிடுச்சு மதாம். பாதி வேலை முடிஞ்சுது."

மீதிப் பாதிதான் முடியவில்லை. தந்தியைக் கிள்ளுவது காக்கை இறகா அண்டங்காக்கை இறகா என்று பேச்சு வந்தது. மாதிரிக்குப் பறவை பிடிக்கப் போன கடைநிலை ஊழியர் கையில் கட்டோடு திரும்பினார். தீராத விஷயங்களை எல்லாம் அந்தக் காலத்து நூல்கள் 'நல்ல ரசனைக்கு' விட்டுவிடுவதைக் கண்டுபிடித்த ப்ரிஸார், நல்ல ரசனை எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று தலைநகருக்கு எழுதிக் கேட்டார். தம் துறையில் அப்படி எதுவும் இல்லை என்று எல்லாத் துறைகளும் உறுதியளித்தன.

அந்த நேரத்தில் கூசரான் வாயிலிருந்து தற்செயலாக ஒன்று விழுந்தது. "அந்தக் காலத்துல இந்தச் சங்கீதத்தை யாரு இப்படிக் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாங்க? பிரபுக்கள் சாப்பிடுவாங்க, சீட்டாடுவாங்க, ஊர் வம்பு பேசுவாங்க. சங்கீதம் அது பாட்டுக்கு ஒரு ஓரமா நடக்கும்."

மதாம் வலாத் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், "அது வாஸ்தவம்தான்னு சொல்லுங்க," என்றார்.

ப்ரிஸார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசிப்பில் எதிலும் நிபுணர்களுக்கு ஒற்றுமை இல்லை. கேட்பவர்கள் கேட்கக் கூடாது என்பதில் முழு ஒற்றுமை. சான்றிதழுக்கு வேண்டியது ஒருமித்த கருத்து. ஆகவே சான்றிதழ், கேட்பவர்களின் கேளாமையை வைத்தே வழங்கப்படும். இதில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நான் இன்றுவரை தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

"அப்போ நான் எப்படி வாசிக்கணும்?" என்று கேட்டார் ஒதீல்.

"அது ரெண்டாம்பட்சம் மதாம். நீங்க வாசிங்க. அவங்க கேக்காம இருக்காங்களான்னு நாங்க பாத்துக்கறோம்."

ஊர் முழுக்க அறிவிப்பு ஒட்டினார்கள். சாப்பிட வேண்டும், பேச வேண்டும், சீட்டாட வேண்டும், எல்லாம் அரசாங்கச் செலவில். கரும்பு தின்னக் கூலியா? பழைய சங்கீதத்தின் மேல் எங்கள் ஊருக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. அரண்மனைக் காலத்துப் பேஷன் வேறு பிடித்துக்கொண்டது. முடிதிருத்தகத்தில் பொய்முடி வாடகைக்குக் கிடைத்தது. பெண்கள் கன்னத்தில் கறுப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டார்கள். இறைச்சிக் கடை ழிலூ மாவு பூசிய பொய்முடியோடு தொடைக்கறி வெட்டினார், யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களைத்தான் விவரம் தெரியாதவர்கள் என்று பார்த்தார்கள்.

ஒத்திகையில் ஒரே ஒரு சிக்கல். தபால் நிலைய மதாம் பூரேயை ப்ரிஸார் கையும் களவுமாகப் பிடித்தார்.

"மதாம், நீங்க கேக்கறீங்க!"

"நானா? சும்மா உக்காந்திருக்கேன்."

"தலை ஆடுது."

"வயசாச்சு, ஆடுது."

"காலும் தாளம் போடுதே? அதுவும் சரியா போடுதே?"

பாவம், அவரால் மறுக்க முடியவில்லை. கச்சேரி நாளில் அவர் வெளியே மேலங்கிகளைக் காவல் காக்கும்படி ஆயிற்று.

அந்த ஞாயிறும் வந்தது. ஜன்னல்களைத் திரை போட்டு மூடி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பயற்றங்காய் வதக்கலும் வாத்துக்கறியும் மேசைக்கு மேசை வந்தன. எங்கள் மேசையில் பெலோத் என்ற சீட்டாட்டம் ஆடினோம். அந்த ஆட்டம் அரண்மனைக் காலத்தில் கிடையாது என்று கூசரான் ஆட்சேபித்தார். அந்தக் காலத்து ஆட்டம் எங்களில் யாருக்கும் தெரியாததால், பெலோத்தையே அந்தக் காலத்து முகபாவத்தோடு ஆட அனுமதி கிடைத்தது. ஒதீல் வந்து உட்கார்ந்தார், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். அதுவரைதான் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு நல்ல சீட்டு விழுந்தது. நாங்கள் பேசினோம், கத்தினோம், ழிலூ நாயைப் பற்றி ஒரு கதை சொன்னார். கூசரானும் மதாம் வலாத்தும் அந்த வாசிப்பு நெடிலாக இருக்க வேண்டுமா குறிலாக இருக்க வேண்டுமா என்று, நடுவில் ஒரு பரிசாரகரை நிறுத்திக்கொண்டு, கடைசி வரை சண்டை போட்டார்கள். எப்போது முடிந்தது என்று தெரியாது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தபோதுதான் முடிந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக் கைதட்டினோம்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. முதல் தரம். 'இந்நூற்றாண்டில் இதற்கு நிகரான மெய்ம்மை காணப்படவில்லை' என்று வேறு எழுதியிருந்தார்கள். ஒதீல் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வாத்தியம் இனி அவருடையது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

கீழே ஒரு நிபந்தனை இருந்தது. சான்று பெற்ற பொருள், சான்று பெற்ற நாளில் இருந்த விதமாகவே இனியும் தயாரிக்கப்பட வேண்டும். சீஸுக்கு உள்ள விதி அது. இனி ஒதீல் அன்று வாசித்த மாதிரியே வாசிக்க வேண்டும், இம்மியும் மாறக் கூடாது.

அன்று எப்படி வாசித்தார்?

விசாரணை வைத்தார்கள். "நெடில் குறில்," என்றார் கூசரான். "குறில் நெடில்னு சொல்லுங்க," என்றார் மதாம் வலாத். ஊரிலிருந்து எங்களை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் யாருக்கும் சளைத்தவர்களா? ழிலூ நெடில் என்று கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி குறில் என்றார், அன்றிரவு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நானும் நெடில் என்று கையெழுத்துப் போட்டேன். துணைத் தலைவர் காதில் ஒன்றும் விழவில்லை என்று சொன்னால் சங்கத்துக்கு என்ன மரியாதை?

"நான்தானே வாசிச்சேன்!" என்று ஒதீல் எழுந்தார். "என்னைக் கேளுங்களேன்!"

"நீங்க சம்பந்தப்பட்ட தரப்பு மதாம்," என்றார் ப்ரிஸார் பணிவாக.

"சரி, இப்பவே வாசிச்சுக் காட்டறேன்."

"எப்படி வாசிச்சீங்கன்னு முடிவாகாம நீங்க வாசிக்கக் கூடாதே."

கூசரான் அன்போடு விளக்கினார். "வாசிச்சவங்க சொல்றதை ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. பழைய மேதைங்க எல்லாம் காலமானவங்க, குறுக்க பேச மாட்டாங்க. நீங்க உயிரோட இருக்கறதுதான் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலா இருக்கு."

"ஆமாம்னு சொல்லுங்க," என்றார் மதாம் வலாத்.

ஒதீலின் முகம் சிவந்தது. "அப்படீன்னா கேட்டுக்கங்க! நான் அன்னிக்கு வாசிக்கவே இல்ல. கையை மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். போதுமா?"

கோபத்தில் சொன்னது என்று யாருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் அதை மறுக்க வேண்டுமானால் அன்று கேட்டிருக்க வேண்டும். ழிலூதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்." அவர் மனைவியும் தலையாட்டினார். நானும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிபுணர்களும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். ஆட்சேபம் இல்லை. 'அன்று வாசிக்கப்படவில்லை' என்று ப்ரிஸார் எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே படிக்கட்டில் ஒதீல் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வாசிச்சேன்," என்றார். "என் ஆயுசுலயே அப்படி ஒரு நாள் வாசிச்சதில்ல." நான் அதை நம்பினேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஒதீல் அந்த வாத்தியத்தின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். மண்டபம் நிரம்பி வழிகிறது. தலைநகரிலிருந்துகூட வருகிறார்கள். பொய்முடி வைத்தவர்கள் எல்லாம் இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு இருமல் இல்லாமல் கேட்கிறார்கள். போன ஞாயிறு மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.