சிரிப்புக்கு உரை எழுதுபவர்

உலகத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. நாம் வயிறு வலிக்கச் சிரித்து ஓய்ந்ததும் தோளைத் தட்டி, "இப்ப எதுக்குச் சிரிச்சீங்கன்னு தெரியுமா?" என்று கேட்கிற இனம். அப்படி ஒருவரிடம் நீங்கள் மாட்டியதே இல்லையா? கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்!

நம் பேராசிரியர் அந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. மாணவர்கள் வைத்த பெயர் 'அங்கதம்'. தன் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று ஊரில் பாதிப் பேரைச் சிறையில் தள்ளிவிட்டு, அது தன் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருப்பது தெரியாமல் ஓய்வுபெறும் ஒரு நீதிபதியைப் பற்றிய மூன்று பக்கப் பழைய கதையை, இருபத்திரண்டு வருடமாக நடத்தி வருகிறார். ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில்: 'எள்ளல்', 'முரண்நகை', 'தொனி மாறுகிறது', ஓரிடத்தில் 'இங்கே லேசாகச் சிரிக்கவும்'. முதல் பக்கத்திலேயே ஒரு மாணவி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அவசரப்படாதேம்மா. சிரிப்பு மூணாம் பக்கத்துலதான் வருது."

அப்புறம் எங்கே வரும் சிரிப்பு?

பென்சில் வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு முன், தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரே மகள் எழுதிய கடிதத்தை, 'தொனியில் நிதானம் போதாது' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினார். அன்றோடு பேச்சு அறுந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் போன் அடித்தால் அவர் கண் தேடுவது அவள் பெயரைத்தான். பாவம், பெற்ற மனசு.

போன வாரம் அந்தப் பெயர் வந்தேவிட்டது, ஒரு குறுஞ்செய்தியோடு. 'அப்பா, உங்களைப் பாக்கணும் போல இருக்கு. ஞாயிறு காலை ரயில்ல வர்றேன். ஸ்டேஷனுக்கு நீங்க வந்தா சந்தோஷம்.'

நீங்களும் நானும் என்ன செய்வோம்? செருப்பை மாட்டுவோம். அவரோ அதை வரிக்கு வரி இடம் விட்டுத் தாளில் எழுதிக்கொண்டு, பென்சிலைச் சீவினார்.

"'போல இருக்கு'ங்கறா, கவனி. பாக்கணும்னு சொல்லல, போலவாம்! 'வந்தா'ங்கறா. அதாவது நான் வரமாட்டேன்னு குத்திக்காட்டறா. 'சந்தோஷம்' இருக்கே, அது சுத்தமான எள்ளல்."

"ஏங்க, சந்தோஷம்னா சந்தோஷம்தாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

"அது மேலோட்டமான வாசிப்பு."

ஞாயிற்றுக்கிழமை மனைவி மட்டும் ஸ்டேஷனுக்குப் போனாள். அப்பா பின்னால் வருகிறாரோ என்று மகள் அரைமணி நேரம் பிளாட்பாரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வீடு வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, மேசைமேல் தன் மூன்று வரியும் சிவப்புப் பென்சிலால் அம்மை போட்டுக் கிடந்ததைக் கண்டாள். எடுத்துப் படித்தாள். தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"பிரமாதம்ப்பா. என்னை இவ்வளவு ஆழமா யாருமே புரிஞ்சுகிட்டதில்ல."

பேராசிரியர் முகத்தில் ஆயிரம் விளக்கு. "கேட்டியா? அவளே ஒத்துக்கிட்டா!" என்று மனைவியைப் பார்த்தார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

மகள் அன்று மாலை ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்ப்பா" என்றாள்.

போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. பச்சைக் குழந்தைக்குக்கூடச் சுருக்கென்று தைத்திருக்கும். 'போல'வில் ஒரு மலையையே கண்டுபிடித்த மனுஷர் மட்டும், "ஆகட்டும்மா" என்று கையசைத்துவிட்டு, மறுநாள் பாடத்துக்கு நீதிபதி கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேசிவிட்டாள், கோபம் தீர்ந்தது என்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

என்ன, சிரிக்கிறீர்களா? நல்லது. கூடவே, 'இதில் முரண்நகை எந்த வரியில்?' என்று உங்கள் கை பென்சிலைத் தேடுகிறதா? தேடட்டும். அதற்கு முன்னால் ஒருதரம் உங்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.