கால் வைக்கிற இடம்

மருந்துக்கடைக்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. அது அவருடைய குட்டி டிராக்டர்.

கடையில் அவர் டாக்டர்களின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர். கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் சம்சாரத்தின் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டவர். அதற்கு எழுத்துகூடத் தேவையில்லை. டிராக்டர் மட்டும்தான் இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போனது. "ஏன் இடது பக்கம்?" என்று கேட்கவில்லை.

உண்மையில் அந்த வண்டி வந்தது சம்சாரத்தின் தொழிலுக்காக. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் அவள் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விற்று வந்தாள். மண் கிளறவும் உரம் இழுக்கவும் ஒரு சின்ன வண்டி இருந்தால் இடுப்பு பிழைக்கும் என்று அவள்தான் கேட்டாள். வண்டி வந்து இறங்கியதும் சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. அதன் பிறகு வெளியே வரவில்லை. கடைக்கு விடுமுறை என்றால்தான் வண்டி ஓடும். மற்ற நாளெல்லாம் டிராக்டர் கொட்டகையில் ஓய்வெடுக்கும். அவள் மண்வெட்டியோடு மல்லுக்கட்டுவாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, எனக்கும் டிராக்டர் ஓட்டக் கத்துக் குடுங்க."

டீ புரையேறியது.

"அது பெரிய படிப்பும்மா."

"டாக்டருக்குத்தான் பெரிய படிப்பு. டிராக்டருக்குமா?"

"எண்ணிப் பாரு. டாக்டரை விட டிராக்டருக்கு ஓர் எழுத்து கூட. படிப்பும் கூடத்தான்."

"அப்போ சீக்கிரம் ஆரம்பிங்க. எனக்கு வயசாகிட்டே போகுது."

மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த வார்த்தையை அவர் வீட்டில் கடைசியாக எப்போது சொன்னார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. அதனால் "சரி, வர்ற லீவு நாள்ல ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் ஒரு பெரிய முடிவு எடுத்தார். அவள் வாயாலேயே "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வைத்துவிட வேண்டும். எல்லா வருத்தத்துக்கும் பிள்ளையார் சுழி அந்த முடிவுதான் என்று பின்னால் பல தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

நிலத்தின் தாழ்ந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து எப்போதும் சேறாகக் கிடக்கும். முதல் பாடமே அங்கே. சக்கரம் புதையும். அவள் பயந்து இறங்குவாள். அப்புறம் அவர் ஏறி, ஒரு மிதி மிதித்து, யானையைக் குளத்திலிருந்து ஏற்றுகிற மாதிரி வண்டியை ஏற்றிக் காட்டுவார். அதோடு ஆசை அடங்கிவிடும்.

அந்த ஒரு மிதிக்கான பெடல், சீட்டுக்குக் கீழே வலது குதிகால் பக்கம் இருந்தது. வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் அன்றைக்கே விளக்கியிருந்தார்.

"இது டிஃபரன்ஷியல் லாக் சார். பின்னாடி சக்கரம் ரெண்டும் எப்பவும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுத்துத்தான் ஓடும். அப்போதான் வண்டி நல்லா திரும்பும். ஆனா சேத்துல அந்த விட்டுக்குடுக்கிறதே வினை. எந்தச் சக்கரம் வழுக்கிச் சும்மா சுத்துதோ, எல்லாம் அதுக்கே போயிடும். தரையில நிக்கிறது அசையாது. அப்போ சுத்துறத நிறுத்திட்டு இந்தப் பெடலை மிதிங்க. ரெண்டும் சேர்ந்து சுத்தும். வெளிய வந்ததும் காலை எடுத்துடுங்க. மிதிச்சுக்கிட்டே திருப்பினா வண்டி திரும்பாது."

மருந்துக்கடைக்காரர் இதில் முன்பாதியைக் கேட்டார். பின்பாதியின்போது வண்டியின் நிறத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை நாள் வந்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அவருடைய அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற சாக்கில் வந்து நின்றாள். தம்பி பொண்டாட்டி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார்.

"இடது கால்ல கிளச். வலது கால்ல பிரேக். கிளச்சை மெதுவா விடணும்."

"இந்தக் குதிகால் கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கே?"

"அது கால் வைக்கிற இடம்."

"எந்தக் கால்?"

"எந்தக் காலும் வைக்காதே."

"கால் வைக்கிற இடத்துல காலே வைக்கக் கூடாதா?"

"எதிர்க் கேள்வி கேட்டா பாடம் ஏறாது."

அவள் வண்டியைக் கிளப்பினாள். நன்றாகவே ஓட்டினாள். அவர் ஓட்டுவதைவிட நேராகப் போனது அவருக்கு உறுத்தியது. "அந்த மூலைக்கு விடு" என்று கை காட்டினார்.

"அங்கே சேறுங்க."

"டிராக்டருக்கே சேறா? விடு, நான் இருக்கேன்."

விட்டாள். போட்ட திட்டம் பிசகவில்லை. வலது பின்சக்கரம் சேற்றில் இறங்கி, சும்மா சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. இடது சக்கரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது. அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

"எறங்கிட்டியா? பரவாயில்லை. இது ஆம்பளைங்களுக்கே கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்கும் தெரியும்படி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் ஏறினார்.

உற்சாகத்தில் முதலில் கை ஆக்சிலரேட்டரை முழுக்க இழுத்தார். சக்கரம் சுழன்றது. சுழலும்போதே குதிகாலால் அந்தப் பெடலை ஓங்கி மிதித்தார். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், பல்லைக் கடித்த மாதிரி. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சேற்றை விட்டு ஏறியது.

"பாத்தியா!" என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையைத் தாண்டியதும் வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் தக்காளி நாற்றுப் பாத்தி.

அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியவளைப் போல நேரே போனது. அவருடைய வலது குதிகால் இன்னும் அந்தப் பெடலை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலால்தான் பிரேக்கும் போட வேண்டும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. நல்லவேளை, இடது கால் தானாகவே கிளச்சை மிதித்தது. பாத்தியின் ஓரத்தில் வண்டி தயங்கி நின்றது.

"காலை எடுங்க!" என்றாள் அவள்.

எடுத்தார். இடது காலை.

வண்டி துள்ளிப் பாய்ந்து பாத்தியின் நடுவில் ஏறியது. சாவியைத் திருகி அணைத்தபோது பின்னால் இரண்டு தடம், கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. கோட்டுக்கு அடியில் தக்காளி நாற்று.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா ஈரத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். திட்டு வாங்குவதில் அவருக்கு நல்ல அனுபவம். அவள் அழுகிறாள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. விடியற்காலையில் எழுந்து ஒவ்வொரு நாற்றுக்கும் குழந்தைக்குப் பாலூட்டுகிற மாதிரி அவள் தண்ணீர் விட்டது கண்ணில் வந்து நின்றது. சீட்டிலேயே உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"பெடல்லேருந்து காலை எடுத்துட்டேன்பா. ஆனா பெடல் மேல வரல. உள்ளேயே நிக்குது."

"சக்கரம் சுத்தும்போது மிதிச்சீங்களா சார்?"

"லேசா."

"திருப்பிக்கிட்டே ஓட்டினீங்களா?"

"லேசா."

மெக்கானிக் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "லாக் இறுகிப் பிடிச்சிருக்கு. பெடலைச் சுத்தி இருக்கிற சேத்தை முதல்ல சுத்தம் பண்ணுங்க. அப்புறம் ஸ்டியரிங்கை நேரா வச்சு, மெதுவா பின்னாடி எடுங்க. எடுக்கும்போது லேசா இந்தப் பக்கம், லேசா அந்தப் பக்கம் ஆட்டுங்க. விட்டுடும். நான் வந்து ஸ்பிரிங்கைப் பாக்கிறேன்."

போன் சத்தமாகத்தான் இருந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எறங்குங்க" என்றாள்.

இறங்கினார். அவள் ஒரு குச்சியால் பெடலைச் சுற்றி இருந்த சேற்றை நோண்டி எடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். போட்ட தடத்திலேயே வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் அசைத்தாள். அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பெடல் மேலே எழுந்தது. வண்டி பசுமாடு மாதிரித் திரும்பிக் கொட்டகைக்குப் போனது.

திரும்பி வந்து கேட்டாள்.

"அது கால் வைக்கிற இடம்னீங்களே?"

"இல்லம்மா. உன்னைப் பயமுறுத்தலாம்னு பாத்தேன். தப்புதான்."

"ம்."

அந்த 'ம்'மைத் தாங்க முடியாமல், அவள் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையைத் தடவினார். சாவி வண்டியிலேயே இருந்தது. வண்டி அவளிடம் இருந்தது. கொடுப்பதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. "நீயே வச்சுக்கோ" என்று வெறும் வாயால் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அவர் ஆளே மாறிப்போனார். அவளுக்கு முன்னால் எழுந்து பாத்திக்குப் போவார். கடையிலிருந்து நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரக்குச்சியும் காயத்துக்குக் கட்டும் துணியும் கொண்டுவந்தார். சாய்ந்த நாற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, குச்சி நட்டு, கால் ஒடிந்தவனுக்குக் கட்டுவது போல மெல்லக் கட்டினார். வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார். இலையெல்லாம் சுருண்டு சுருண்டு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. தன் பாவம்தான் அப்படிச் சுருட்டுகிறது என்று நினைத்து, சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்தார். பேச்சு நின்றுபோனது. சமையலில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. நிலத்தின் அந்தக் கோடியில் அவள் டிராக்டரில் போய் வந்துகொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு நாள் அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா வேலிக் கதவைத் திறந்து வந்தாள். தலையில் காலித் தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"உன் பொண்டாட்டி எங்கே? நாத்தெல்லாம் வித்தாச்சு, தட்டு மட்டும் எங்க முற்றத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது."

"எந்த நாத்துக்கா?"

"தக்காளி நாத்துதான். அன்னைக்கு நீ பாடம் நடத்தறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் தட்டுத் தட்டா எங்க வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சாளே." பாத்தியைக் குனிந்து பார்த்தாள். "இதுக்கு ஏன்டா கட்டுப் போடறே? இலைச்சுருட்டை நோய் வந்ததுன்னு பிடுங்கிப் போட வச்சிருந்தாளே."

கையில் இருந்த துணி நழுவியது. அவர் எழுந்து, மண் ஒட்டிய முழங்காலோடு நேரே கொட்டகைக்குப் போனார். அவள் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நாத்தையெல்லாம் முன்னாடியே ஏன் எடுத்து வச்சே?"

"நீங்க கத்துக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டீங்களே. அவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டா எனக்குத் தெரியாதா?"

"சரி. அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல? நான் செத்த செடிக்குக் கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன். நெஞ்சு வெந்துபோச்சு."

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது நிஜம்தான்.

"தினமும் சொல்லிடலாம்னுதான் வருவேங்க. ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து வீடு இவ்வளவு அமைதியா இருந்ததே இல்ல. கெடுக்க மனசு வரல."