முனிவேல் பல் கல்லூரியை ஆடிட் செய்த கதை

மகள் எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, மகளைத் தவிர மற்ற எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் முறை. ஓசூர் முனிவேல் வீட்டிலும் அந்த முறை வழுவாமல்தான் எல்லாம் நடந்தது.

முனிவேலுக்குச் சொந்த ஊர் பேரிகை. ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் கூட கேட்டைத் தாண்டாது. மகள் சுகுணா பரீட்சை எழுதி, பல் டாக்டருக்குப் படிக்கிற அளவுக்கு மார்க் வாங்கிவிட்டாள். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்பதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிடும். ஒருதரம் சிக்கினால் அஞ்சு வருஷம் அங்கேதான்.

சுகுணா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நிறைய பேருக்குப் பல்லு பார்க்கிற காலேஜா இருக்கணும்ப்பா. கைப்பழக்கம் வரணும்."

"அதெல்லாம் உணர்ச்சி," என்றார் முனிவேல். "போல்ட் வாங்கவே சப்ளையர்கிட்ட நேர்ல போய் ஆடிட் பண்றோம். பொண்ணைக் குடுக்கிறோம், சும்மா விடறதா?"

உடனே மேற்படி பொருள் தொடர்பாக உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் முனிவேல். உறுப்பினர் அவருடைய மச்சான் மணிவேல், ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். தக்காளிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சுகுணா கேட்டாள்.

"சொத்தை எதுன்னு பார்த்தவுடனே சொல்லிடுவேன் கண்ணு," என்றார் மாமன். சுகுணா பார்வையாளராகச் சேர்க்கப்பட்டாள். பேச அனுமதி இல்லை.

கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. சப்ளையரிடம் கேட்கிற அதே கேள்விகள். ஆள் நடக்கிற வழிக்குத் தரையில் மஞ்சள் கோடு உண்டா? தீயணைக்கிற சிலிண்டர் காலாவதியா? தரக் கொள்கைப் பலகை கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கிறதா? வருகிறவரை வரவேற்க ஆள் உண்டா?

முதலில் தூரத்து ஊரில் ஒரு அரசுக் கல்லூரி. வரிசை கேட்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் நின்றது. கன்னம் வீங்கினவர், துண்டால் வாயைப் பொத்தினவர், அழுகிற பிள்ளை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் கேள்வித்தாள் செருகின கிளிப் அட்டை, காலில் சேப்டி ஷூவோடு போன முனிவேலை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு நர்சம்மா மட்டும், "வரிசையில வாங்கண்ணா, எந்தப் பல்லு?" என்றார்.

உள்ளே ஒரு மாணவி, சுகுணாவை விட ரெண்டு வயசு பெரியவளாக இருப்பாள், ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பல் வந்தது. கிழவர் துப்பிவிட்டு, "வந்துருச்சா? தெரியவே இல்லியே" என்றார். சுகுணா கண் கொட்டாமல் பார்த்தாள்.

குழு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னது. மஞ்சள் கோடு இல்லை. காப்பி இல்லை. நோயாளிகளின் அளவுக்கு மீறிய நடமாட்டம் காணப்படுகிறது. நிராகரிக்கப்படுகிறது.

"அப்பா, நோயாளி வர்றது குத்தமா?"

"இவ்ளோ பேர் ரிப்பேருக்கு வராங்கன்னா அங்க ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம்?" என்றார் முனிவேல்.

அடுத்தது கர்நாடக எல்லை ஓரத்தில் ஒரு தனியார் கல்லூரி. வாசலில் வாழைமரம், கோலம். முனிவேல் காரை விட்டு இறங்கி கிளிப் அட்டையைக் கையில் எடுத்ததுதான் தாமதம், கல்லூரி முதல்வரே ஓடி வந்து மாலையைப் போட்டுவிட்டார். அன்றைக்கு அங்கே மேலிடத்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. இவர்கள்தான் அவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். முனிவேலோ, பெண்ணைப் பெற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனார்.

தரையில் மஞ்சள் கோடு. பச்சைக் கோடும் உண்டு. தரக் கொள்கை மூன்று பாஷையில். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நோயாளி, பக்கத்தில் வெள்ளைக் கோட்டு டாக்டர். சத்தமில்லை, ரத்தமில்லை. நாற்காலி மேல் பிளாஸ்டிக் உறை கூட இன்னும் கிழிக்கவில்லை.

மூன்றாவது நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த அம்மாளைப் பார்த்ததும் முனிவேல் நின்றுவிட்டார். பேரிகையில் இருக்கிற அவருடைய சொந்த அத்தை, சரோஜம்மாள்.

"அத்தே! நீ எங்க இங்க?"

"சும்மா இருடா. இன்னைக்கு என் பேரு வேற. பல்லு வலி."

"உனக்குத்தான் ஒரு பல்லும் இல்லியே!"

"அதனாலதான்டா வருஷா வருஷம் என்னையவே கூப்பிடறாங்க. ஒரு சத்தம் கூட போடமாட்டேன் பாரு. ஊரே வந்திருக்கு. மத்தியானம் பிரியாணி."

சுகுணா அப்பா முகத்தைப் பார்த்தாள். இப்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பூரிப்பு.

"பார்த்தியா மச்சான் ஏற்பாட்டை? எங்க கம்பெனிக்கு ஆடிட் வந்தா ரெண்டு செடித்தொட்டி வாடகைக்கு எடுக்கிறோம். இவங்க ஆளையே எடுத்திருக்காங்க!" என்று எல்லாக் கேள்விக்கும் முழு மார்க் போட்டார்.

போட்ட சந்தோஷத்தில், முதல்வர் நீட்டின தட்டிலிருந்து பாதாம் பருப்பை எடுத்து ஒரு கடி கடித்தார். டக்கென்று ஒரு சத்தம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கடைவாய்ப் பல் ரெண்டாகப் பிளந்துவிட்டது.

"டாக்டர்!" என்று கத்தினாள் சுகுணா. அங்கே முப்பது டாக்டர் இருந்தார்கள். முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் மருந்துக் கம்பெனி ஏஜென்ட்டுங்க," என்றார் ஒருவர்.

"நம்து கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற வேலை, சார்," என்றார் கன்னடம் கலந்து இன்னொருவர்.

முதல்வர் கையைப் பிசைந்தார். "ஐயா தப்பா நினைக்கக் கூடாது. பக்கத்துலேயே நல்ல பல் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. நான் கூட அங்கதான் போவேன்."

மணிவேல் மண்டி ஆள் அல்லவா, நேராகக் கேட்டார். "மாப்ளே, மார்க்கை அடிச்சிடலாமா?"

முனிவேல் வலியிலும் நேர்மை தவறாதவர். வாயைப் பொத்தியபடியே, "அடிக்க முடியாது. பல்லு பிடுங்கத் தெரியுமான்னு நம்ம கேள்வியிலேயே இல்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. தனியார் கல்லூரி முழு மார்க்கோடு முதலிடத்தில் நின்றது. பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சோடு முனிவேல் கட்டிலில் கிடந்தார். சுகுணா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, உனக்கு மறுபடியும் பல்லு உடைஞ்சா நான் பிடுங்கணுமா, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லணுமா?"

அவர் பஞ்சு வாயோடு ஏதோ சொன்னார். பிடுங்கணும் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, அவள் கூட்டம் நிற்கிற கல்லூரியை முதலில் போட்டுப் பூட்டினாள். கிடைத்தது.

மறு வருஷம் அந்த அரசுக் கல்லூரிக்கும் ஆய்வுக் குழு வந்தது. கூட்டம் தெரிந்தால் அசிங்கம், நோயாளிகள் அன்று ஒரு பொழுது கண்ணில் படக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நம் ஜனங்கள் எதிர்த்துப் பேசுவார்களா? வரிசையில் இடம் போகக்கூடாதே என்று அவரவர் செருப்பை அவரவர் நின்ற இடத்தில் கழற்றிவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வந்த அதிகாரிகள் ஆளில்லாத செருப்பு வரிசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெய்மறந்தார்கள். நோயாளிகள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் இச்சுகாதார ஒழுக்கத்தை அனைத்துக் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை பறந்தது.

இப்போது பிள்ளைக்குப் பல் கல்லூரி தேடுகிற அப்பாமார்கள் வாசலில் கிடக்கிற செருப்பைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை எங்கே அதிகமோ அங்கே விண்ணப்பம். எல்லை ஓரத்துக் கல்லூரிதான் இந்த வருஷம் முதலிடம்.

போன வாரம் மணிவேல் யாரோ சொந்தக்காரப் பையனுக்காக அங்கே எண்ணப் போனார். திரும்பி வரும்போது காலில் பளபளவென்று புதுச் செருப்பு.

"ஏது மாமா?" என்றாள் லீவுக்கு வந்திருந்த சுகுணா.

"திருட்டு இல்ல கண்ணு," என்றார் அவர். "எடுத்துக்கலாமான்னு கேக்கத்தான் உள்ள போனேன். கேக்கறதுக்கு ஆளே இல்ல."